பார்கின்சன் மாத்திரையும் வீட்டு மூலிகையும்: எது எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்று கண்டறியும் முறை

பார்கின்சன் நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவரின் மேசையில், மாத்திரை அட்டைகளுக்குப் பக்கத்திலேயே வேறு சில பொருள்களும் இருப்பது வழக்கம். பூனைக்காலி விதைப் பொடி டப்பா, மலச்சிக்கலுக்கு இசப்கோல் அல்லது நிலாவரைப் பொடி, உறவினர் வாங்கி வந்த அமுக்கரா லேகியம், இணையத்தில் வரவழைத்த மஞ்சள் சத்துக் குளிகை, சில வீடுகளில் வெற்றிலைப் பெட்டி. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்கும்போது இவற்றில் ஒன்றும் சொல்லப்படுவதில்லை, ஏனென்றால் வீட்டில் யாரும் இவற்றை மருந்துக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் நோயாளியின் குடலும் கல்லீரலும் மூளையும் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒரு தாவரப் பொருள் பார்கின்சன் மருந்தைப் பாதிக்குமா என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு ஊகிக்கவும், ஊகித்ததைச் சோதிக்கவும், மருத்துவரிடம் பயன்படும்படி எடுத்துச் சொல்லவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மாத்திரையின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ நரம்பியல் மருத்துவரின் வேலை. இந்த வழிகாட்டியைப் படித்துவிட்டு அதை யாரும் செய்யக் கூடாது.

முதல் வேலை: அட்டையில் உள்ள மருந்துப் பெயர்களை எழுதுங்கள்

வணிகப் பெயர்களை விட்டுவிட்டு, அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் லெவோடோபா, கார்பிடோபா என்ற இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும். அதோடு பிரமிபெக்சோல் அல்லது ரோபினிரோல், ரசாஜிலின் அல்லது செலிஜிலின், என்டகபோன், அமான்டடின், டிரைஹெக்சிஃபெனிடில் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்திருக்கலாம். குமட்டலுக்கு டோம்பெரிடோனும், மாயத் தோற்றங்கள் தொந்தரவு செய்தால் க்வெடியபினும் கொடுக்கப்பட்டிருக்கும். இந்தப் பட்டியல் இல்லாமல் "மஞ்சள் சாப்பிடலாமா?" என்ற கேள்விக்குச் சரியான பதிலே கிடையாது. இவை ஒவ்வொன்றும் உடலில் வெவ்வேறு வழியாகச் சிதைந்து வெளியேறுகின்றன; ஒன்றைத் தொந்தரவு செய்யும் மூலிகை இன்னொன்றைத் தொடாமலே போகலாம்.

லெவோடோபாவின் பாதையை மட்டும் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. விழுங்கிய மாத்திரை இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்குப் போன பிறகுதான் ரத்தத்துக்குள் ஏறுகிறது. அங்கே அதை உள்ளே எடுத்துச் செல்வது, புரதத்திலிருந்து வரும் பெரிய அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் அதே கடத்தி. குடல் சுவரிலும் ரத்தத்திலும் கல்லீரலிலும் இருக்கும் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி, லெவோடோபாவை மூளைக்குப் போகும் முன்பே டோபமினாக (பார்கின்சன் நோயில் மூளையில் குறைந்துபோகும் நரம்பு வேதிப்பொருள்) மாற்றிவிடப் பார்க்கும். அப்படி வெளியிலேயே உண்டாகும் டோபமின் மூளைக்குள் நுழைய முடியாது, குமட்டலைத்தான் தரும். அந்த நொதியைத் தடுத்து நிறுத்துவதற்காகவே கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. காம்ட் என்ற இன்னொரு நொதி மீதியில் ஒரு பகுதியை வேறு பொருளாக மாற்றும். அதைத் தடுப்பது என்டகபோன். மூளைக்குள் போய் டோபமினாக மாறிய பிறகு அதைச் சிதைப்பது மாவோ-பி என்ற நொதி. அதைத் தடுப்பவை ரசாஜிலினும் செலிஜிலினும். ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் ஆகும் என்பதால், வழியில் ஏற்படும் ஒவ்வொரு தடங்கலும் அன்றே, அந்த வேளையிலேயே தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: மூலிகைகளைப் பற்றிய எச்சரிக்கைகளில் அடிக்கடி வரும் 'கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகள்' லெவோடோபாவின் பாதையில் இல்லை. ஆகவே 'இந்த மூலிகை கல்லீரல் நொதியைத் தடுக்கும், அதனால் உங்கள் லெவோடோபா கூடிவிடும்' என்று எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை. லெவோடோபாவுக்குச் சிக்கல் வரும் இடங்கள் குடலும், அந்த டிகார்பாக்சிலேஸ் நொதியும், மூளையும்தான்.

பூனைக்காலி: குறுக்கீடு என்று சொல்வதே தவறு

மேசையில் இருக்கும் பொருள்களில் முதலில் கையில் எடுக்க வேண்டியது பூனைக்காலிப் பொடி. இதிலிருந்து லெவோடோபாவை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய தாமோதரனும் ராமசாமியும், ஆண்டு 1937. பார்கின்சன் நோய்க்கு லெவோடோபா பெரிய அளவில் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டுப் பலன் தெரிந்தது 1967இல், அதாவது முப்பது ஆண்டுகள் கழித்து. ஆகவே பூனைக்காலி லெவோடோபாவைப் 'பாதிக்கிறது' என்பதைவிட, பூனைக்காலியே லெவோடோபா என்பதுதான் சரி. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த சிறிய சோதனையில், 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு, 200 மில்லிகிராம் லெவோடோபாவும் 50 மில்லிகிராம் கார்பிடோபாவும் கொண்ட மாத்திரையைவிட விரைவாக வேலை தொடங்கியது: பொடிக்குச் சுமார் 35 நிமிடம், மாத்திரைக்குச் சுமார் 69 நிமிடம். மருந்தாக வேலை செய்யாத பொருள் என்றால் கவலைப்பட வேண்டியதில்லை. இது வேலை செய்வதால்தான் கணக்கு தேவைப்படுகிறது.

கணக்கை ஒரு கரண்டியில் போட்டுப் பாருங்கள். சமையலறைத் தராசில் நிறுத்தால், தலைதட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறத்தாழ 3 கிராம் வரும். குவித்து எடுத்தால் 5 கிராமை எட்டும். விதையில் லெவோடோபா பொதுவாக 4 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். விளைந்த நிலமும் விதை ரகமும் பக்குவப்படுத்திய முறையும் அதை மாற்றும். 4 சதவீதப் பொடியில் தலைதட்டிய கரண்டி 120 மில்லிகிராம் தரும். 5 சதவீதப் பொடியில் குவித்த கரண்டி 250 மில்லிகிராம் தரும். ஒரே டப்பா, ஒரே கரண்டி, காலையில் மகள் போட்டதற்கும் மாலையில் மருமகன் போட்டதற்கும் இடையில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம். மலைவாழ் மக்கள் இந்த விதையைப் பலமுறை தண்ணீர் மாற்றி வேகவைத்துத்தான் உண்பார்கள். அந்தத் தண்ணீரோடு லெவோடோபாவின் ஒரு பகுதி வெளியேறிவிடும். காற்றும் ஈரமும் பட்டால் மிச்சமிருப்பதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து பொடி கருக்கத் தொடங்கும். ஆகையால் டப்பாவின் மேல் அச்சிட்ட சதவீதம் கரண்டியில் இருக்கும் சதவீதமாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பொடியைத் தனியாகச் சாப்பிடுபவருக்கும், கார்பிடோபா கலந்த மாத்திரையோடு சாப்பிடுபவருக்கும் விளைவு ஒன்றல்ல. கார்பிடோபா இல்லாதபோது லெவோடோபாவின் பெரும்பகுதி வழியிலேயே வீணாகும்; அது இருந்தால் தேவைப்படும் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே, வெறும் பொடி மட்டும் எடுத்துக்கொள்பவருக்குச் சற்றே கை இளகும் அதே கரண்டி, மாத்திரையும் எடுத்துக்கொள்பவருக்கு ஒரு முழு மாத்திரையை, சில சமயம் இரண்டரை மாத்திரையைக் கூடுதலாக விழுங்கியதற்குச் சமமாகிவிடும். கைகால் தானாக நெளிவது, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவது, இரவில் கனவும் நிஜமும் குழம்புவது ஆகியவை அதன் அடையாளங்கள். பொடியைப் பற்றி அறியாத மருத்துவர், நெளிவைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பார். பிறகு ஒரு நாள் ஊருக்குப் போகும்போது டப்பா வீட்டிலேயே தங்கிவிடும். பேருந்து நிலையத்தில் நோயாளிக்குக் கால் எழாது.

மாறாக, பொடியை மட்டும் நம்பியிருப்பவர்கள் பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமின் மாத்திரையைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருக்கும் டிகார்பாக்சிலேஸ் நொதி வேலை செய்ய பி6 வேண்டும். கார்பிடோபா இல்லாத நிலையில் தினமும் 5 முதல் 10 மில்லிகிராம் பி6 எடுத்தாலே லெவோடோபாவின் பலன் கரைந்துவிடும். நம் மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் அந்த அளவு சாதாரணமாக இருக்கிறது. கார்பிடோபா போதுமான அளவில் இருந்தால் இந்தக் கவலை இல்லை. போதுமான அளவு என்பது ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம். அட்டையில் 110 என்று எண் இருந்தால் அதில் லெவோடோபா 100, கார்பிடோபா வெறும் 10. 125 என்றால் 100க்கு 25. 275 என்றால் 250க்கு 25. 110 மாத்திரையை மூன்று வேளை எடுப்பவருக்கு நாள் முழுவதும் கிடைக்கும் கார்பிடோபா 30 மில்லிகிராம்தான். உங்கள் தாளில் இந்தக் கூட்டலைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குமட்டல் ஏன் தீரவில்லை என்ற கேள்விக்கும் சில சமயம் விடை அங்கேதான் இருக்கும்.

ஃபாவா பீன்ஸ் எனப்படும் அவரை வகையிலும் லெவோடோபா உண்டு. 1913இல் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் அதிலிருந்துதான் பிரித்தெடுத்தார். நம் சந்தை அவரைக்காயையோ மொச்சையையோ அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டில் வாழ்பவர்கள் அதைத் தட்டு நிறையச் சாப்பிட்டால் பூனைக்காலிக்குச் சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும்.

குடலில் நடப்பவை: இடைவெளி விட்டால் தீரும்

குடலில் நடக்கும் குறுக்கீடுகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நேரத்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பருப்பு, சுண்டல், சோயா, உளுந்து ஆகியவற்றின் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகும்போது, லெவோடோபா ஏறவேண்டிய அதே கடத்தியில் அவையும் ஏறப் பார்க்கும். மூளையின் எல்லையிலும் இதே போட்டி இரண்டாம் முறை நடக்கும். எனவே மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்தோ எடுப்பது பொதுவான விதி. காலையில் வெண்பொங்கலும் மெதுவடையும் சாப்பிட்ட கையோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, பதினோரு மணி வரை நடை திறக்கவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும். மூலிகையைக் குறை சொல்வது பிறகு. புரதத்தையே விட்டுவிடக் கூடாது, உடல் இளைத்துப் போகும். பகலில் குறைத்து இரவு உணவில் கூட்டிக்கொள்ளும் முறையைப் பலருக்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இரும்பு வேறு மாதிரி வேலை செய்கிறது. அது லெவோடோபாவைக் கவ்விக்கொண்டு, உறிஞ்ச முடியாத கூட்டாக மாற்றிவிடும். இரும்பு மாத்திரையைச் சேர்த்து எடுத்தவர்களிடம் உடலில் சேரும் லெவோடோபா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. என்டகபோனையும் இரும்பு இப்படியே பிடித்துக்கொள்ளும். முருங்கைக்கீரைப் பொரியலில் இருக்கும் இரும்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இரும்பு மாத்திரை, இரும்புச் சத்து டானிக், சித்த மருந்தான அயச்செந்தூரம் ஆகியவற்றை மட்டும் லெவோடோபாவிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். மூலிகைச் சூரணங்களைத் தேனில் குழைத்துச் சாப்பிடும்போது அதிலே செந்தூரம் கலந்திருப்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. கொடுத்த வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இசப்கோல் மலச்சிக்கலுக்கு நல்லது. பார்கின்சன் நோயாளிகளில் மலச்சிக்கல் இல்லாதவர்கள் குறைவு. அதன் வழவழப்பான கூழ் லெவோடோபா உறிஞ்சப்படுவதைச் சற்று மெதுவாக்கிச் சீராக்குகிறது என்று சிறிய ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு அது உதவியாகவே இருக்கலாம். ஆனால் காலையில் முதல் மாத்திரை சட்டென்று வேலை செய்ய வேண்டும் என்று விரும்புபவர், இசப்கோலை இரவில் நிறையத் தண்ணீரோடு எடுப்பது மேல். எலுமிச்சைச் சாறு எதிர்த் திசையில் உதவுவது: வைட்டமின் சி, உறிஞ்சல் மந்தமாக இருக்கும் வயதானவர்களிடம் லெவோடோபா உள்ளே ஏறுவதைக் கூட்டுகிறது. பாலில் மாத்திரை விழுங்கும் பழக்கத்தை விட்டு, அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் விழுங்கத் தொடங்குவது ஏறக்குறைய எல்லாருக்கும் செய்து பார்க்கத்தக்கது. அல்சர் உள்ளவர்களும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் மட்டும் கேட்டுச் செய்யலாம்.

கல்லீரல் நொதிகள்: இடைவெளி இங்கே உதவாது

லெவோடோபாவுக்குப் பொருந்தாத சைட்டோகுரோம் விஷயம் மற்ற மாத்திரைகளுக்குப் பொருந்துகிறது. ரோபினிரோலையும் ரசாஜிலினையும் சிதைப்பது 1ஏ2 என்ற நொதி. க்வெடியபினையும் டோம்பெரிடோனையும் சிதைப்பது 3ஏ4. பிரமிபெக்சோலும் அமான்டடினும் பெரும்பாலும் மாறாமலே சிறுநீரகம் வழியாகப் போய்விடுவதால், அவற்றை எடுப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை.

1ஏ2 நொதியின் வேகத்தை ஒரு பொருள் எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு அளவுகோலாக ஒரு ரசாயன மருந்தைச் சொல்லலாம்: சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், ரோபினிரோல், ரசாஜிலின் இரண்டின் ரத்த அளவையும் எண்பது சதவீதத்துக்கும் மேல் உயர்த்திவிடும். தாவரப் பொருள்களில் இதற்கு நிகரான வலு உடையது புகையிலைப் புகை. அதுவும் எதிர்த் திசையில். பீடி, சிகரெட் புகையில் உள்ள கரிச் சேர்மங்கள் 1ஏ2 நொதியைப் பெருக்குவதால், புகைப்பவர்களிடம் ரோபினிரோலின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருக்கிறது. இதற்குக் காரணம் நிகோட்டின் அன்று, புகை. ஆகவே வாயில் அடக்கும் புகையிலைக்கு இந்த விளைவு இல்லை (வாய்ப் புற்றுநோய் உண்டு என்பதை இங்கே தனியாகச் சொல்லத் தேவையிருக்காது). நல்ல காரியமாகப் பீடியை நிறுத்தியவருக்கு அடுத்த வாரங்களில் குமட்டலும் பகல் தூக்கமும் கூடினால், மாத்திரையின் அளவு உடலில் ஏறியிருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முட்டைக்கோசும் காலிஃப்ளவரும் இதே நொதியை ஓரளவு தூண்டுபவை என்றாலும், ஆய்வுகளில் அவற்றைத் தினமும் பெரிய அளவில் கொடுத்துத்தான் அதைக் கண்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் கோஸ் பொரியல் ஒன்றும் செய்யாது.

3ஏ4 நொதிக்கு நம் ஊரில் கவனிக்க வேண்டியது பம்பளிமாஸ். கிரேப்ஃப்ரூட்டின் முன்னோர்களில் ஒன்றான இந்தப் பழத்திலும் ஃபுரானோகூமரின் என்னும் சேர்மங்கள் உள்ளன. அவை குடல் சுவரில் இருக்கும் 3ஏ4 நொதியைச் செயலற்றதாக்கிவிடுவதால், உடல் புதிதாக அதை உண்டாக்கும் வரை, அதாவது ஒரு நாளுக்கும் மேலாக விளைவு நீடிக்கும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று இடைவெளி விட்டு இதிலிருந்து தப்ப முடியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்புக்குச் சொன்ன இரண்டு மணி நேர விதியை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். க்வெடியபின் எடுப்பவருக்கு மயக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். டோம்பெரிடோன் கூடினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். சாத்துக்குடியில் இந்தச் சிக்கல் இல்லை.

டோம்பெரிடோன் என்றதும் அதிமதுரமும் நிலாவரையும் நினைவுக்கு வர வேண்டும். இவற்றில் கவனிக்க வேண்டியது மருந்தின் சிதைவு அல்ல; நெடுநாள் எடுத்தால் இரண்டுமே உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும், பொட்டாசியம் குறைந்த இதயத்தில் டோம்பெரிடோனின் ஆபத்து கூடும்.

மிளகைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் 'சமையலில் போடுவது ஒன்றும் செய்யாது' என்ற வழக்கமான ஆறுதல் இதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. மிளகின் பைப்பரின் 3ஏ4 நொதியைத் தடுப்பது. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் மஞ்சளின் குர்குமினோடு வெறும் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்து, ரத்தத்தில் சேரும் குர்குமினைப் பன்மடங்கு கூட்டிக் காட்டினார்கள். இன்று விற்கும் மஞ்சள் குளிகைகளில் மிளகுச் சத்து சேர்ப்பது அதனால்தான். தியோஃபிலின், புரோப்ரனலால் போன்ற மருந்துகளின் ரத்த அளவையும் பைப்பரின் மனிதர்களிடம் உயர்த்தியிருக்கிறது. மிளகில் பைப்பரின் ஏறத்தாழ 5 சதவீதம் என்று கொண்டால், அரை கிராம் மிளகிலேயே 25 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் ரசத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். நாற்பது ஆண்டுகளாகத் தினமும் மிளகு ரசம் சாப்பிடுபவருக்கு, மருத்துவர் அந்த ரசத்தோடு சேர்த்தே மாத்திரையின் அளவைக் கண்டுபிடித்திருக்கிறார். குறுக்கீடு வெளிப்படுவது பழக்கம் மாறும்போதுதான்: திடீரென்று மிளகுச் சத்துக் குளிகையைத் தொடங்கும்போது, அல்லது வயிற்றுப்புண் என்று மிளகை முற்றிலும் நிறுத்தும்போது. இந்த ஒரு கோணத்தை மனத்தில் வைத்தால் சமையலறையைப் பற்றிய பாதிப் பயம் போய்விடும்.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் 3ஏ4, 2டி6 நொதிகளைத் தடுப்பது. சர்க்கரை நோய்க்கென்று அதைத் தனிக் குளிகையாக விற்கிறார்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மேலைநாட்டு மூலிகை மனச் சோர்வுக்காக இணையத்தில் கிடைக்கிறது. அது 3ஏ4 நொதியைப் பெருக்கி க்வெடியபினைப் பலனற்றதாக்கும், ரசாஜிலினோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் மிகையால் உயிருக்கே ஆபத்தாகலாம். ரசாஜிலின், செலிஜிலின் எடுப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

கிரீன் டீயின் கேட்டெச்சின்களும் வெங்காயத்தின் குவர்செட்டினும் காம்ட் நொதியைத் தடுப்பது ஆய்வகத்தில் காணப்பட்டது. அதை வைத்துக்கொண்டு 'கிரீன் டீ குடித்தால் என்டகபோன் வேண்டாம்' என்று சொல்வது, கோவைக்குப் போகும் வழியைப் படத்தில் பார்த்துவிட்டுக் கோவைக்கே போய்வந்ததாகச் சொல்வதற்குச் சமம்.

சிதைவைத் தொடாமலே மருந்தைத் தோற்கடிப்பவை

சர்ப்பகந்தாவின் ரெசர்பைன், நரம்பு முனைகளில் டோபமினைச் சேமித்து வைக்கும் பைகளைக் காலி செய்துவிடும். 1950களின் பிற்பகுதியில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்து அசைவற்றுப் போகச் செய்து, பிறகு டோபா கொடுத்து எழுப்பினார். லெவோடோபா சிகிச்சைக்கு வழி திறந்த அந்தப் பணிக்காக அவருக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அந்த முயல்களுக்கு நேர்ந்ததை ரத்த அழுத்தத்துக்கான மூலிகை மாத்திரை என்ற பெயரில் பார்கின்சன் நோயாளிக்கு யாரும் செய்துவிடக் கூடாது. அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ கொடுக்கப்படும் எந்த நாட்டு மருந்திலும் சர்ப்பகந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதைத் தொடங்காதீர்கள்.

பாக்கில் உள்ள அரிகோலின், அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளின் வேலையைத் தூண்டுவது. டிரைஹெக்சிஃபெனிடில் அதே வேலையை அடக்குவது. ஒருவர் இரண்டையும் எடுத்தால் ஒன்றின் பலனை மற்றொன்று தின்றுவிடும். பாக்கு அதிகம் மெல்லும் மனநோயாளிகள் சிலருக்குக் கடுமையான உடல் விறைப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும். பகலில் சொல்லாமல் கொள்ளாமல் தூங்க வைக்கும் ரோபினிரோல், பிரமிபெக்சோலோடு அதைச் சேர்ப்பவர் வண்டி ஓட்டக் கூடாது.

சோதிப்பது எப்படி

ஒரு பொருளைச் சந்தேகித்தால் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே வாரத்தில் லேகியத்தை நிறுத்தி, உணவு நேரத்தை மாற்றி, இசப்கோலைத் தொடங்கினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றத்துக்கு முன் ஐந்து நாள், பின் ஐந்து நாள் ஒரு நோட்டில் நேரத்தை எழுதுங்கள். 'இன்று பரவாயில்லை' என்று எழுதுவதால் பயனில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: "6.30 — 125 மாத்திரை, வெறும் வயிறு, தண்ணீர். 7.05 — சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். 9.30 — வடை இரண்டு. 9.50 — வலது கால் இழுக்கிறது. 10.00 — மாத்திரை. 11.25 — பொத்தான் போட முடிந்தது." முதல் மாத்திரைக்கு 35 நிமிடமும் இரண்டாவதற்கு 85 நிமிடமும் ஆனதற்கான காரணம் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கல்லீரல் நொதிகளைப் பெருக்கும் பொருள்களுக்கு மட்டும் ஐந்து நாள் போதாது. நொதி பெருகவும் பழைய நிலைக்குத் திரும்பவும் இரண்டு வாரம் வரை ஆகலாம்.

பல மாதமாக எடுத்து வரும் பூனைக்காலிப் பொடியை மட்டும் இப்படிச் சோதிப்பதற்காகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். லெவோடோபா மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதைப் போன்றதே அது: கடும் விறைப்பும் காய்ச்சலும் மனக் குழப்பமும் சேர்ந்து வரும் அவசர நிலை உண்டாகலாம், அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொடியை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, அதற்கு ஈடாக மாத்திரையை எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்வார்.

அந்தக் கணக்குக்கு அவருக்குத் தேவை டப்பாவின் பெயர் மட்டும் அல்ல. மாத்திரைத் தாளையும் நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொடி டப்பாவையும், அதற்குள் எப்போதும் கிடக்கும் கரண்டியையும் சேர்த்தே பையில் போடுங்கள். வீட்டில் எப்படி அள்ளிப் போடுவீர்களோ அப்படியே அவர் முன்னால் ஒரு கரண்டி எடுத்துக் காட்டுங்கள்.